வசனம் தெரியும், பந்தி தெரியுமா?

(பள்ளங்கியில் நடந்த இளைஞர் கூடுகையில் பேசியதன் எழுத்து வடிவம்)



பக்கத்தில் இருக்கிற கோடைக்கானல் 1845-இல் அமெரிக்க மதுரை மிஷன் பாதிரியார்கள் பங்களா கட்டியதில் தொடங்கிய ஊர் என்பது உங்களுக்குத் தெரியும். அதே மிஷன் இரண்டு வருடம் கழித்து, 1847-இல், தன் சபையாருக்கு ஒரு சோதனை வைத்தது. சாதி பார்க்காமல் சாப்பிடத் தயாரா? அவ்வளவுதான் கேள்வி. பலர் மறுத்தார்கள். மறுத்தவர்களில் உபதேசியார்களும் இருந்தார்கள்.

என் ஆய்வுக்காக அந்தக் காலத்து வரலாற்றைப் படிக்கும்போது என்னை நிறுத்திய இடம் இதுதான். உபதேசியாருக்கு வசனம் சொல்வதே வேலை. வேதத்தில் அவர்களுக்குத் தெரியாத பக்கம் இல்லை. ஆனாலும் ஒரு இலைச் சோற்றில் அத்தனையும் நின்றுபோனது.

சோதனை வைத்தவர்களையும் விட்டுவிட வேண்டாம். லாஸ் காட் சாலை திறக்கும்வரை வெள்ளைக்காரர்கள் பலர் இந்த மலைக்குக் கூலிகளின் தோளில் ஏறித்தான் வந்தார்கள். அடுத்தவர் இலையைச் சோதிப்பது எளிது. தன்னைச் சுமக்கிற தோளைத் திரும்பிப் பார்ப்பது கடினம்.

இது வேதத்துக்குப் புதிய சிக்கலும் அல்ல. அந்தியோகியாவில் பேதுரு யூதரல்லாதவர்களோடு ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எருசலேமிலிருந்து ஆட்கள் வந்ததும் பயந்து எழுந்து விலகினார். பவுல் எல்லோர் முன்னிலையிலும் அவரைக் கண்டித்தார். பேதுரு அன்று எந்தப் போதனையையும் மறுக்கவில்லை. பந்தியிலிருந்து எழுந்தார், அவ்வளவே. பவுலுக்கு அதுவே நற்செய்தியை மறுத்ததாகப் பட்டது. யாக்கோபின் நிருபமும் இதைத்தான் தொடுகிறது: பொன்மோதிரக்காரனுக்கு நல்ல இடமும் ஏழைக்குக் காலடியும் காட்டுகிற சபைக்கு விசுவாசம் எதற்கு என்று கேட்கிறது.

நம் ஊரில் அந்தக் காலடி சுவராகவே எழுந்தது. திருநெல்வேலிப் பக்கம் வடக்கன்குளத்தில் சாதிக்கொரு பக்கமாக, கால்சட்டை வடிவில் கோயில் கட்டினார்கள். 1910-இல் தடுப்பு இடிக்கப்பட்டதும், அதைத் திரும்பக் கட்டச் சொல்லி ஆதிக்க சாதிக் கத்தோலிக்கர் உயர் நீதிமன்றம்வரை போய்த் தோற்றார்கள். 2008 மார்ச்சில் எறையூரில் தலித் கிறித்தவர்கள் தனிப் பங்கு கேட்டதை ஒட்டி வெடித்த மோதலில், போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு உயிர்கள் போயின. திருச்சபைக்குள் தீண்டாமை இருக்கிறது என்று இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016-இல் தன் கொள்கை ஆவணத்திலேயே ஒப்புக்கொண்டது.

இன்னொரு பக்கம் அரசு. 1950 குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதித் தகுதியை மதத்தோடு கட்டியது. 1956-இல் சீக்கியருக்கும் 1990-இல் பௌத்தருக்கும் திறந்த கதவு தலித் கிறித்தவருக்கும் தலித் முஸ்லிம்களுக்கும் திறக்கவில்லை. கிறித்தவத்தில் சாதி இல்லை என்று அரசு சொல்கிறது. கல்லறையில் சுவர் வைத்திருக்கிற சபையும் அதே வசனத்தைத்தான் சொல்கிறது. நடுவில் நசுங்குகிறவர் ஒருவரே.

எனவே இளைஞர்களிடம் நான் கேட்பது வசனப் போட்டிக்கான கேள்விகள் அல்ல. உங்கள் ஊர்க் கல்லறையில் யார் எங்கே புதைக்கப்படுகிறார்கள்? திருவிழாத் தேர் எந்தத் தெருவில் திரும்பிக்கொள்கிறது? பங்குப் பேரவையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள்? உங்கள் வீட்டுக் கல்யாண விளம்பரத்தில் 'கிறித்தவர்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது?

இதில் ஒன்றையாவது இந்த வருடம் மாற்ற முயலுங்கள். ஊர் கோபப்படும், வீடும் கோபப்படும். பவுல் மீதும் கோபப்பட்டிருப்பார்கள். அந்தக் கோபத்தைத் தாங்கி நிற்கிற இடத்தில்தான் வசனம் வாழ்க்கையாகிறது.

ஜெய் பீம்.