கூலியாக வந்த சாராயமும் நம் ஈரலும்

(வேங்கிக்கால் காலனியில் மாணவர்களும் இளைஞர்களும் கூடிய மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



குடியைப் பற்றிப் பேசணும்னு கூப்பிட்டபோது எனக்குத் தயக்கமாகத்தான் இருந்தது. ஏன்னா, குடியைப் பற்றி நமக்குப் புத்தி சொல்ல வருகிறவர்கள் பெரும்பாலும் ஊர்த்தெருவிலிருந்துதான் வருவார்கள். 'சேரிக்காரன் குடிச்சே அழிஞ்சான்' என்பதையே வேறு வேறு வார்த்தையில் சொல்லிவிட்டுப் போவார்கள். அந்தப் பேச்சு இங்கே வேண்டாம். வயிற்றுக்குள் போன சாராயம் என்ன செய்கிறது என்று பார்ப்போம். ஆனால் அது யார் கையால் நம்மிடம் வந்தது என்பதை விட்டுவிட்டுப் பேச என்னால் முடியாது.

எங்க பெரியப்பா பறையடிக்கிறவர். ஊரில் சாவு விழுந்தால் ஆள் வரும். கூலின்னு பேச்சே கிடையாது. கொஞ்சம் நெல்லு, அப்புறம் சாராயம். நெல்லு கடைசியில்தான் வரும், சாராயம் முதலிலேயே வந்துடும். விடிய விடிய அடிக்கணுமே! செத்த மாட்டை இழுக்கப் போனாலும் சாராயம். மலக்குழியில் இறங்குகிற நம் ஆட்களைக் கேட்டுப் பாருங்கள், குடிக்காமல் அந்த நாற்றத்துக்குள் இறங்க முடியாது என்பார்கள். 1993-இல் ஒரு சட்டம், 2013-இல் இன்னொரு சட்டம். குழிக்குள் சாவு நிற்கவில்லை. அறுப்பதற்கு முன்னால் டாக்டர் மயக்க மருந்து கொடுக்கிறார் இல்லையா, சாதியும் அப்படித்தான் கொடுத்தது.

பெரியப்பாவுக்கு நாற்பத்தைந்து வயசிலேயே கண் மஞ்சளாச்சு. கீழாநெல்லி அரைச்சுக் கொடுத்தாங்க. அப்புறம் கால் வீங்கிச்சு. வயிறு பானை மாதிரி உப்பி, கை காலெல்லாம் குச்சியாப் போச்சு. ஒருநாள் விடியற்காலையில் ரத்தமா வாந்தி எடுத்தார். செய்வினை என்றார்கள். கழிப்பு எடுக்கக் கடன் வாங்கினோம். அது செய்வினை இல்லை என்று எனக்குத் தெரிய இருபது வருஷம் ஆச்சு.

ஒரு குவார்ட்டர் 180 மில்லி. அதில் 42.8 சதவீதம் ஆல்கஹால். எடை போட்டால் ஏறக்குறைய 60 கிராம். நம் ஈரல் மணிக்கு 7 முதல் 10 கிராம்தான் எரிக்கும். ராத்திரி ஒன்பது மணிக்குக் குடித்தது விடியற்காலை நாலு, அஞ்சு வரைக்கும் ரத்தத்தில் ஓடும். மோர் குடித்தாலும் சரி, தலையில் தண்ணி ஊத்தினாலும் சரி, அந்த வேகம் கூடாது. எரிக்கும்போது வழியில் அசிட்டால்டிஹைடு என்கிற நஞ்சு உண்டாகிறது. முதலில் ஈரலில் கொழுப்பு சேரும். அப்போது வலி தெரியாது, நிறுத்தினால் ஈரல் தேறிவிடும். நிறுத்தாவிட்டால் வீக்கம், அதற்கப்புறம் தழும்பு. தழும்பு விழுந்த ஈரல் கல்லு மாதிரி. குடலிலிருந்து வருகிற ரத்தம் அதற்குள் நுழைய முடியாமல் திரும்பி நிற்கும். அதனால்தான் வயிற்றில் நீர் கோக்கிறது. உணவுக்குழாயில் இருக்கிற மெல்லிய நரம்புகள் ரத்தம் தாங்காமல் புடைத்து ஒருநாள் வெடிக்கின்றன. பெரியப்பா எடுத்த ரத்தம் அதுதான்.

கணையமும் வெந்துபோகும், வலி முதுகு வரை குத்தும். இதயத்தின் தசை தளரும். பி1 சத்து குறைந்து கால் எரியும், ஞாபகம் போகும். புற்றுநோயை உண்டாக்குகிற பொருள் என்று மதுவை 1988-லேயே உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு அமைப்பு பட்டியலில் சேர்த்துவிட்டது. 2003-இல் சில்லறை விற்பனையை டாஸ்மாக்கிடம் கொடுத்த அரசுக்கு இதெல்லாம் தெரியாததல்ல. 2023-24-இல் மட்டும் அதில் வந்த வருவாய் 45 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல்.

அந்தக் குவார்ட்டருக்கும் காசில்லாதவன் பாக்கெட் சாராயத்துக்குப் போகிறான். நமக்குத் தெற்கே இருக்கிற கள்ளக்குறிச்சியில், கருணாபுரத்தில், 2024 ஜூனில் நடந்தது அதுதான். 65 பேருக்கு மேல் செத்தார்கள், பெண்களும் உண்டு. மூட்டை தூக்கியவர்கள், பெயின்ட் அடித்தவர்கள், நம் சனங்கள் பலர். அதற்கு முந்தின வருஷம் மே மாதம் மரக்காணத்திலும் செங்கல்பட்டு பக்கத்திலும் இருபதுக்கு மேற்பட்ட உயிர்.

சாராயத்தில் மெத்தனால் கலந்திருந்தது. இது குடித்த உடனே கொல்லாது. ஈரல் அதையும் வழக்கம்போல எரிக்கப் பார்த்து ஃபார்மிக் அமிலமாக மாற்றிவிடுகிறது. கடித்த எறும்பு விடுகிறதே, அதே அமிலம். அது கண் நரம்பைத் தின்னும், உடம்பு மூச்சுக்காற்றைப் பயன்படுத்த விடாது. இதற்கு அரை நாள், ஒரு நாள்கூட ஆகும். அதற்குள் ஆள் நன்றாக இருப்பதாகவே நினைத்துக்கொள்வான். பிறகு வயிற்று வலி, வாந்தி, கண்ணில் பனிமூட்டம். வயிற்று வலிதானே என்று சோடா வாங்கிக் குடிப்பான். தம்பிகளே, இதைக் குறித்துக்கொள்ளுங்கள். குடித்தவன் 'பார்வை மங்குது' என்று சொன்னால், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். மாற்று மருந்து இருக்கிறது, டயாலிசிஸ் இருக்கிறது. நேரத்தோடு போனால் பிழைக்கலாம். அவனோடு சேர்ந்து குடித்தவர்களையும், தெளிவாக இருந்தாலும் சரி, கூடவே ஏற்றுங்கள். போலீஸ் கேஸாகும் என்று பயந்து வீட்டில் மறைத்து வைத்ததில்தான் பல உயிர் போகிறது.

இன்னொன்று. தினமும் குடிக்கிறவரை மிரட்டி ஒரே நாளில் நிறுத்த வைக்காதீர்கள். ரெண்டு மூணு நாளில் கை நடுங்கி, வலிப்பு வந்து, இல்லாததெல்லாம் கண்ணில் தெரிந்து, சாவுகூட வரும். அரசு ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்து நிறுத்த வைப்பார்கள். அங்கே கூட்டிப் போவதும் இயக்க வேலைதான்.

எங்க ஊரில் இனிமேல் பறைக்குச் சாராயம் வாங்குவதில்லை, பணமாகத்தான் கூலி என்று பையன்கள் ஒருமுறை முடிவெடுத்தார்கள். நம்மைக் குடிகாரன் என்று திட்டுகிற அதே ஊர்க்காரர்களுக்குத்தான் முதலில் கோபம் வந்தது. 'குடிக்காம எப்பிடிடா அடிப்பீங்க' என்றார்கள். உள்ளதைச் சொல்லணும், எங்க பெரியவங்களுக்கும் கோபம்தான். 'எங்க வயித்துல அடிக்கிறீங்களே' என்று சித்தப்பா கத்தினார். அன்றைக்கு ஊரில் ஒரு சாவு. பிணம் கிடந்தது, மேளம் போகவில்லை. சாயங்காலம் ஊரிலிருந்து ஒருத்தர் வந்து, எவ்வளவு ரூபா கேக்கறீங்கன்னு கேட்டார்.