சுநந்தைக்குச் சொன்ன பொய்

(தசலட்சணப் பருவத்தில், உத்தம சத்திய நாளன்று எங்கள் ஊர் ஜினாலய மண்டபத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



உத்தம சத்தியம் குறித்துப் பேச வேண்டுமென்று அறக்கட்டளையார் பணித்தபோது எளிதில் இசைந்துவிட்டேன். முப்பதாண்டுக்கு மேல் வகுப்பறையில் வாய்மை அதிகாரத்தை நடத்தியவளுக்கு அதைப் பற்றி அரைமணி நேரம் பேசுவதில் என்ன அருமை இருக்கிறது என்று எண்ணினேன். குறிப்பெடுக்க அமர்ந்தபோது கை ஓடவில்லை. இம்மண்டபத்தில் இருப்போருள் பலரிடம் நான் ஆண்டுக்கணக்காக ஒரு பொய்யைச் சொல்லி வந்திருக்கிறேன் என்பது நினைவுக்கு வந்தது. அதை ஒதுக்கிவிட்டு வாய்மையின் சிறப்பைப் பேசினால், நான் இந்த இடத்தில் நிற்பதே பொருந்தாது.

முதலில் சிந்தாமணிக்குப் போகிறேன். பழக்கம் விடுவதில்லை, பொறுத்தருள்க.

நம் சமயத்தின் பெருங்காப்பியமாகிய சீவக சிந்தாமணி ஒரு வளர்ப்பு மகனின் கதை. இவ்வாறு சொல்லி அதை நாம் அறிமுகம் செய்வதில்லை. மணநூல் என்கிறோம், அவன் கற்ற கலைகளையும் மணந்த மகளிரையும் வென்ற போரையும் சொல்கிறோம். 1887ஆம் ஆண்டு உ.வே.சாமிநாதையர் அதனைப் பதிப்பித்தபோது, கும்பகோணத்துச் சமணர்கள் அவருக்கு நூற்பொருளும் சமயக் கொள்கையும் விளக்கியதைப் பெருமையுடன் எடுத்துரைக்கிறோம். எல்லாம் சரியே. ஆயினும் கதையின் வேர் ஒரு சுடுகாட்டில் இருக்கிறது. அமைச்சன் கட்டியங்காரனின் சூழ்ச்சியால் சச்சந்தன் மாண்டான். மயிற்பொறியில் ஏறித் தப்பிய விசயை சுடுகாட்டில் இறங்கி, அங்கே ஆண்மகவை ஈன்றாள். இறந்துபோன தன் குழந்தையை அடக்கம் செய்ய அவ்விடத்துக்கு வந்த வணிகன் கந்துக்கடன், உயிருள்ள அம்மகவைக் கண்டு எடுத்துக்கொண்டான். வீட்டுக்குக் கொணர்ந்து மனைவி சுநந்தையின் கையில் கொடுத்தபோது, நம் பிள்ளை இறக்கவில்லை, இறந்ததென்று நீ தவறாகச் சொல்லிவிட்டாய் என்று கூறிவிட்டான்.

இவ்விடத்தை எத்தனையோ முறை பாடம் நடத்தியிருக்கிறேன். கந்துக்கடன் சொன்னது பொய் என்று ஒரு மாணவிகூட எழுந்து கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை. அவன் பொய்க்குக் காரணம் இருந்தது என்பது உண்மை. அரச குலத்துப் பிள்ளை உயிருடன் இருப்பது தெரிந்தால் கட்டியங்காரன் விடமாட்டான்.

இனி என் வீட்டுக்கு வருகிறேன்.

என் மகனும் மருமகளும் பெங்களூரில் பணியாற்றிவந்தனர். மணமாகிப் பல ஆண்டுகள் மகப்பேறில்லை. மருத்துவமனைகளில் அவர்கள் பட்டதை இங்கே விரிக்க விரும்பவில்லை, அது அவர்களுடையது. பின்னர் முறைப்படி விண்ணப்பித்தனர். இல்ல ஆய்வுக்கு வந்த சமூகப் பணியாளர் அம்மையார், அப்போது அங்கிருந்த என்னையும் அழைத்து, "உங்களுக்கு இதில் சம்மதமா?" என்று கேட்டார். சம்மதம் என்றேன். அது பொய்யன்று. ஆனால் என் சம்மதத்துக்குள் ஓர் அச்சம் இருந்தது. அவர் அதைக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. நெடுங்காலம் காத்திருந்த பின் ஏழு திங்கள் நிறைந்த ஒரு பெண்குழந்தை எங்கள் வீட்டுக்கு வந்தாள்.

மகவேற்பு நமக்குப் புதியதன்று. நம் ஊர்களில் சுவீகாரம் என்று முன்னோர் செய்துகொண்டதுண்டு. அண்ணன் மகனைத் தம்பி எடுத்துக்கொள்வான். நிலம் பிரியாமல் இருக்கும். இறந்தோர்க்குப் பிண்டமிட மகன் வேண்டும் என்பது நம் நெறியில்லை. ஒவ்வோர் உயிரும் தன் வினையைத் தானே கட்டி, தானே கழிக்க வேண்டும் என்பவர் நாம். சமணரிடையே மகவேற்பு சமயச் சடங்கன்று, உலகியல் ஏற்பாடே என்று ஆங்கிலேயர் கால நீதிமன்றங்களே தீர்ப்புரைத்திருக்கின்றன. 1956ஆம் ஆண்டின் மகவேற்புச் சட்டம் சமணருக்கும் பொருந்தும். பெண்மகவை ஏற்கவும் அது வழி செய்தது. இன்று இளைஞர் நீதிச் சட்டத்தின் வழியாக ஏற்கப்படும் குழந்தை எல்லா வகையிலும் அப்பெற்றோரின் குழந்தையே. பிறப்புச் சான்றிதழில் பெற்றோர் பெயராக என் மகன், மருமகள் பெயர்களே இருக்கின்றன. ஆதலால் சமயத்திலும் தடையில்லை, சட்டத்திலும் தடையில்லை. தடையிருந்தது என் நாவில்.

குழந்தையை முதன்முதலாக இந்த ஜினாலயத்துக்கு எடுத்து வந்த நாள் நினைவிருக்கிறது. உபாத்தியாயர் அவள் செவியில் பஞ்சநமஸ்காரம் ஓதினார். ஓதுமுன் நட்சத்திரம் என்ன என்று கேட்டார். மருமகள் வாய் திறப்பதற்குள் நான், "திருவோணம்" என்றேன். அது என் மகனின் நட்சத்திரம். வெளியே வந்ததும் உறவுப் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். "சொல்லவே இல்லையே! வளைகாப்புக்கும் அழைக்கவில்லையே!" என்றார்கள். "நெடுநாள் கழித்து நின்ற கரு, கண்ணேறு படும் என்று சொல்லவில்லை. பிறந்தகத்தில் பெற்றாள்" என்றேன். கண்ணேற்றில் நம்பிக்கை கொள்வது மித்தியாத்துவம் என்று பாடசாலைப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தந்தவள் நான்! பொய்க்குத் துணையாக அதையும் பிடித்துக்கொண்டேன். மருமகள் ஒன்றும் சொல்லவில்லை. காரில் திரும்பும்போது, "அத்தை, இவளிடம் நாங்கள் மறைக்கப்போவதில்லை" என்று மட்டும் சொன்னாள். நான் தலையசைத்தேன். அவளிடந்தானே மறைக்கமாட்டார்கள், ஊருக்கு என்ன என்று எண்ணிக்கொண்டேன்.

எனக்கு எந்தக் கட்டியங்காரன் இருந்தான்? யாரும் குழந்தையைக் கொல்ல வரவில்லை. நான் அஞ்சியது ஒரே ஒரு கேள்விக்கு. வந்தவாசி, திண்டிவனம், ஆரணி, செய்யாறு வட்டாரங்களில் நம்மவர் எங்கே சந்தித்தாலும் முதலில் கேட்பது, "எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை?" என்பதுதான். இரண்டு கேள்வியில் உறவு தெரிந்துவிடும். அது இனிமையானதுதான், அயலூரில் சோறு கிடைப்பதும் அதனால்தான். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுச் சமணர் ஏறத்தாழ 89,000 பேர். வடபுலத்திலிருந்து வந்து குடியேறியோரைக் கழித்தால் நாம் எத்தனை சிறியவர்கள் என்பது தெரியும். இவ்வளவு சிறிய சமூகத்தில் பெண் கொடுப்பதும் எடுப்பதும் நம் ஊர்களுக்குள்ளேயே நடக்கிறது. "யார் வீட்டுப் பிள்ளை" என்பதற்கு என் பேத்திக்கு விடையில்லாமற் போய்விடுமோ, இருபது ஆண்டு கழித்து யாரேனும் அதைச் சொல்லி வாசலில் நிறுத்திவிடுவார்களோ என்பதே என் அச்சம்.

2020இல் பெருந்தொற்று வந்தபோது மகன் குடும்பத்தோடு ஊருக்கு வந்தான். வீட்டிலிருந்தே பணி செய்யலாம் என்றானதும் இங்கேயே தங்கிவிட்டான். பேத்திக்கு அப்போது வயது ஐந்து. அதன் பின்னரே அவளை நான் நாள்தோறும் அருகிருந்து பார்த்தேன்.

எங்கள் வீட்டில் பொழுது சாய்ந்தபின் உண்பதில்லை. உண்மையைச் சொன்னால், என் கணவர் ஏழு மணிக்கு ஒரு குவளை தேநீர் அருந்தும் வழக்கத்தை வைத்திருந்தார். அது உணவாகாது என்பது அவர் வாதம். பேத்தி வந்த இரண்டாம் மாதமே, "தாத்தா, பால் உணவு இல்லையா?" என்று கேட்டாள். தேநீர் நின்றது. நாற்பதாண்டு மணவாழ்க்கையில் என்னால் முடியாதது அது. பள்ளி வண்டி ஐந்தரைக்கு வந்து நிற்கும். கைகால் கழுவி, உடைமாற்றி, ஆறு மணிக்குள் அவள் உண்டாக வேண்டும். ஆதலால் வீட்டுப்பாடம் உணவுக்குப் பின்னரே. செப்புக்குடத்தின் வாயில் துணி கட்டி நீர் வடிப்பதைப் பார்த்துப் பார்த்து, தானே முடிச்சிடக் கற்றுக்கொண்டாள். சர்க்கரை டப்பாவில் எறும்பு ஏறினால் எங்கள் வீட்டில் சமையல் நின்றுவிடும். அவள் தாளில் கொட்டிப் பரப்பி, கடைசி எறும்பு வெளியேறும்வரை காத்திருப்பாள்; காப்பி ஆறினால் ஆறட்டும். தோழி ஒருத்தியின் பிறந்தநாள் மாலை ஏழு மணிக்கு என்றால், போய்ப் பாட்டுப் பாடிவிட்டு, கேக்கைத் தொடாமல் திரும்புவாள். ஒருமுறை அழுதுகொண்டும் திரும்பினாள். சாக்லேட் கேக் அது. அவளை எல்லாம் கடந்த சிறு துறவியாக நான் காட்ட விரும்பவில்லை. உருளைக்கிழங்கு வறுவலின் மணம் பக்கத்து வீட்டிலிருந்து வந்தால் சன்னல் அருகே நிற்பாள். கணக்குப் பாடத்தில் சோம்பல் உண்டு. தம்பி முறைப் பிள்ளைகளை அதட்டுவாள்.

இவையெல்லாம் யாரிடமிருந்து வந்தன என்று ஒருநாளும் எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. ஆனால் ஊரார் அவளைப் பார்த்து, "அப்படியே பாட்டியின் நெற்றி" என்று சொல்லும்போது புன்னகையோடு ஏற்றுக்கொள்வேன். அதுவும் பொய்தான், வாய் திறவாத பொய்.

இரண்டாண்டுக்கு முன் ஒரு திருமண வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். பேத்திக்கு எட்டு வயது. பந்தி முடிந்து நாங்கள் அமர்ந்திருந்தபோது, தூரத்து உறவினரான ஓர் அம்மையார் அவளை அருகே இழுத்துக் கொஞ்சி, "பிரசவத்துக்கு உன் அம்மா எந்த ஆஸ்பத்திரியில் சேர்ந்தாள்?" என்று என்னைக் கேட்டார். தம் மகளுக்கு விசாரிக்கிறார். கெட்ட எண்ணம் எதுவுமில்லை. நான் பழக்கத்தில் ஓர் ஊரின் பெயரைச் சொன்னேன். எட்டாண்டுக் காலத்தில் பொய் அவ்வளவு சரளமாகியிருந்தது. குழந்தை அருகில் இருக்கிறாள் என்பதே எனக்கு உறைக்கவில்லை.

அன்றிரவு அவள் என் கட்டிலருகே வந்து நின்றாள். அவளுடைய பெற்றோர் நாலு வயதிலிருந்தே எல்லாவற்றையும் அவளுக்குச் சொல்லியிருந்தனர். அவள் எங்கள் வீட்டுக்கு வந்த நாளை ஆண்டுதோறும் பாயசம் வைத்துக் கொண்டாடினர். நானும் உடனிருந்து உண்டேன். ஆகவே அவள் கேட்டது நான் எதிர்பார்த்து அஞ்சிய கேள்வியன்று.

"பாட்டி, அம்மா எனக்குச் சொன்னது பொய்யா, நீங்கள் அந்தப் பாட்டிக்குச் சொன்னது பொய்யா?"

நான் சொன்னதுதான் பொய் என்றேன்.

"அம்மா சொன்னதைச் சொன்னால் என்ன? அது கெட்டதா?"

அதற்கு என்னிடம் விடையில்லை. அவளைக் காப்பதற்காகச் சொல்கிறேன் என்று எண்ணியிருந்தேன். அவளுக்கோ, தான் வந்த வழி வெளியே சொல்லத்தகாத ஒன்று என்ற பாடத்தையே கற்பித்திருக்கிறேன். தாய் நான்கு ஆண்டுகள் பொறுமையாகக் கட்டியதை ஒரு திருமணப் பந்தலில் ஒரு சொல்லால் இடித்துவிட்டேன்.

அன்றிரவுதான் சிந்தாமணியின் மற்றோர் இடம் எனக்கு விளங்கியது. சீவகனின் கல்வி முற்றுப்பெற்றதும் ஆசிரியர் அச்சணந்தி, வேறொருவனின் கதையைச் சொல்வதுபோலத் தொடங்கி, அவனது பிறப்பு வரலாற்றை அவனிடமே உரைக்கிறார். அது தன் கதையே என்று உணர்ந்ததும் சீவகன் மயங்கி விழுகிறான். அரசன் மகன் என்ற பெருமைக்குரிய செய்தியைக் கேட்டு ஏன் மயங்க வேண்டும் என்று மாணவியர் கேட்பதுண்டு; தந்தை கொலையுண்ட துயரம் என்று விடை சொல்வேன். அது சரியான விடையே. ஆனால் தன் பிறப்பைப் பற்றிய உண்மையை அதுவரை அறியாதிருந்த பிள்ளையின் மயக்கமும் அதில் இருக்கிறது என்று இப்போது தோன்றுகிறது. என் பேத்தி மயங்கவில்லை. அவளுக்கு அவள் தாய் வேளையறிந்து சொல்லியிருந்தாள். காப்பியத்தின் முடிவில் விசயையும் சுநந்தையும் சேர்ந்தே துறவு பூணுகின்றனர் என்பதையும் இங்கே நினைவூட்ட விரும்புகிறேன். ஈன்றவளையும் வளர்த்தவளையும் எதிரெதிரே நிறுத்த வேண்டும் என்று திருத்தக்கதேவருக்குத் தோன்றவில்லை.

மறுநாள் காலை அந்த அம்மையாருக்குத் தொலைபேசியில் சொன்னேன். சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு, "அதற்கென்ன, நல்லதுதானே செய்திருக்கிறீர்கள்" என்றார். நல்லது செய்தவர்கள் நாங்கள் அல்லர், பிள்ளையில்லாமல் இருந்தவர்கள் நாங்கள் என்றேன். உபாத்தியாயரிடம் போய்த் திருவோணம் என் கற்பனை என்று சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, மந்திரத்துக்கு நட்சத்திரம் தேவையில்லை, பேச்சுக்குக் கேட்டேன் என்றார். அதன்பின் ஒவ்வொரு வீடாகச் சொல்ல முயன்றேன். பதினோரு வீட்டோடு துணிவு தீர்ந்தது. எஞ்சியோரிடம் இன்று சொல்லிவிட்டேன்.

நம் கூட்டங்களில் எல்லாம் சமூகம் குறைந்து வருகிறது என்று வருந்துகிறோம். அதே கூட்டத்தில் பிள்ளையில்லாத ஒரு தம்பதி மகவேற்பைப் பற்றிப் பேசினால், எந்தக் குலத்துக் குழந்தையோ என்று தாழ்ந்த குரலில் சொல்கிறோம். சென்ற ஆண்டு ஓர் இளம்பெண் என்னிடம் தனியே வந்து, ஊர் ஏற்குமா அம்மா என்று கேட்டாள். ஏற்கும் என்று உறுதியாகச் சொல்ல இயலவில்லை. சிலர் ஏற்பார்கள், சிலர் காலந்தாழ்ந்து ஏற்பார்கள், குழந்தையிடம் மட்டும் முதல் நாளிலிருந்தே உள்ளதைச் சொல் என்றேன். என் பேத்தியின் திருமணப் பேச்சு வரும் நாளில் இம்மண்டபத்தில் உள்ளோர் என்ன சொல்வீர்கள் என்பது எனக்கு இன்றும் தெரியாது. அந்த அச்சம் போய்விட்டது என்று சொன்னால் அதுவும் உத்தம சத்திய நாளில் சொன்ன பொய்யாகிவிடும்.

இவ்வுரையை எழுதி முடித்ததும் பேத்தியிடம் படித்துக் காட்டினேன். இது அவள் கதை. அவள் இசைவில்லாமல் பேச எனக்கு உரிமையில்லை. இரண்டு இடங்களை நீக்கச் சொன்னாள், நீக்கிவிட்டேன். கேக்குக்காக அழுததையும் நீக்கலாமா என்று கேட்டேன். அது உண்மைதானே, இருக்கட்டும் என்றாள்.

கதிரவன் மறைய இன்னும் முக்கால் மணி நேரமே இருக்கிறது. வாயிலருகே அவள் இலைக்கட்டோடு நின்று எனக்குக் கடிகாரத்தைக் காட்டுகிறாள். பந்திக்கு எழுந்தருளுங்கள்.