வாக்களிப்போர் அறியாத தகுதி

சாரணப் பணிக்கென்றே வாழ்ந்த ஓர் ஆசிரியரின் நினைவாக நிறுவப்பட்ட அறக்கட்டளை இது. இந்த மேடையில் சாரணர் இயக்கத்தின் பெருமைகளை அடுக்கிச் சொல்லிவிட்டு அமர்வது எளிது. சிறந்த சாரணர்களைத் தேர்ந்து சிறப்பிப்பதற்கென்றே தோன்றிய ஓர் அமைப்பு, நூறாண்டு கடந்த பிறகு எப்படித் தளர்ந்தது, ஏன் தளர்ந்தது என்று ஆராய்வதே அந்த ஆசிரியருக்கு நாம் செய்யும் மெய்யான மரியாதை என்று கருதுகிறேன். நான் எடுத்துக்கொண்டிருப்பது அமெரிக்கச் சாரணர் இயக்கத்தின் ‘ஆர்டர் ஆஃப் தி ஆரோ’. இந்தப் பேச்சில் அதை அம்புச் சங்கம் என்றே சொல்லப்போகிறேன். அமெரிக்காவில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகளும் இன்று அந்நாட்டுச் சாரணப் படைகளில் இருக்கிறார்கள். ஆகவே இது நமக்கு முற்றிலும் அயலான பொருளும் அன்று.

1915ஆம் ஆண்டுக் கோடையில், டெலவேர் ஆற்றின் நடுவே டிரெஷர் ஐலண்ட் என்ற தீவில் பிலடெல்பியா கவுன்சிலின் சாரணர் முகாம் நடந்தது. முகாம் இயக்குநர் எர்னர் குட்மேனுக்கு அப்போது வயது 24. அவருக்குத் துணையாக இருந்த கேரல் எட்சனும் ஏறத்தாழ அதே வயதினர். முகாமில் எல்லாரையும்விட நன்றாக உழைக்கும் பையன்களை, சொல்லாமலே பிறர் வேலையையும் இழுத்துப்போட்டுச் செய்யும் பையன்களை எப்படிச் சிறப்பிப்பது என்பது அவர்கள் முன்னிருந்த கேள்வி. பதக்கம் கொடுத்திருக்கலாம். தாங்களே சிலரைப் பொறுக்கி எடுத்திருக்கவும் முடியும். அவர்கள் அந்த அதிகாரத்தைக் கைவிட்டுவிட்டு, கூட முகாமிட்ட பையன்களிடமே தேர்வை ஒப்படைத்தார்கள். அவ்வாண்டு ஜூலை 16 அன்று முதல் சேர்க்கைச் சடங்கு நடந்தது. 1922இல் அமெரிக்கச் சாரணர் இயக்கம் இதைச் சோதனைத் திட்டமாக ஏற்றது. 1934இல் முறையாக அங்கீகரித்தது. 1948இல் சிறந்த முகாமர்களுக்கான தேசியக் கௌரவச் சங்கமாகத் தன்னோடு இணைத்துக்கொண்டது. இன்று நாடெங்கும் இருநூற்றுக்கும் மேற்பட்ட கிளைச் சங்கங்கள் இருக்கின்றன.

இந்தச் சங்கத்தின் அமைப்பில் வேறெங்கும் அரிதாகக் காணும் ஒரு கூறு உண்டு. உலகத்தில் கௌரவச் சங்கங்கள் பெரும்பாலும் தம் உறுப்பினர்களைத் தாமே தேர்ந்தெடுக்கின்றன. அம்புச் சங்கத்தில் தேர்ந்தெடுப்பவர்கள் ஒரு படையில் உள்ள எல்லாச் சாரணர்களும்; அவர்களில் மிகப் பலர் சங்கத்தில் இல்லாதவர்கள், நேற்றுச் சேர்ந்த பதினொரு வயதுப் பிள்ளைகள் உட்பட. அமெரிக்கச் சாரணரின் மிக உயர்ந்த நிலையான ஈகிள் விருதோடு ஒப்பிட்டால் இதன் தன்மை விளங்கும். ஈகிளுக்கு 21 தகுதிச் சின்னங்கள், ஒரு சேவைத் திட்டம், தேர்வுக் குழு என எல்லாம் எழுதி வைக்கப்பட்டிருக்கின்றன. ஒருவர் முயன்று அதை ஈட்டலாம். அம்புச் சங்கத்தின் தோள்கச்சையை அப்படி ஈட்ட முடியாது. கூட இருந்தவர்கள் மனமுவந்து தர வேண்டும். அதனால் இதன் தரம் விதிப்புத்தகத்தில் இல்லை, வாக்குச்சீட்டைக் கையில் வைத்திருக்கும் பிள்ளையின் மனத்தில் இருக்கிறது. தரம் குறைந்துவிட்டது என்று ஒரு சாராரும், செய்தித் தொடர்பு சரியில்லை என்று இன்னொரு சாராரும் சொல்லும் குறைகள் இரண்டல்ல, ஒரே குறைதான் என்பதே இந்தச் சொற்பொழிவில் நான் நிறுவ முயல்வது.

விதிகளைப் பார்ப்போம். வேட்பாளர் முதல் வகுப்புச் சாரணர் நிலையை அடைந்திருக்க வேண்டும். முந்தைய இரண்டாண்டுகளில் பதினைந்து இரவுகள் முகாமிட்டிருக்க வேண்டும். அவற்றுள் தொடர்ந்து ஐந்து இரவுகளேனும் நீடித்த நெடுமுகாம் ஒன்று இருப்பது கட்டாயம். சாரணத் தலைவரின் ஒப்புதல் வேண்டும். பிறகு தேர்தல்: வந்த வாக்குச்சீட்டுகளில் பாதியிலாவது அவர் பெயர் இருந்தால் தேர்ந்தெடுக்கப்பட்டார். இவ்விதிகள் உறுதி செய்யக்கூடியது இரவுகளின் கணக்கை மட்டுமே. மழையில் கூடாரம் சரிந்தபோது எழுந்து கட்டியவன் யார், கட்டியவனைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தவன் யார் என்பதைப் படையிலுள்ள பிள்ளைகள்தான் சொல்ல முடியும். அவர்கள் அதைச் சொல்வதற்கு, தங்களிடம் எது கேட்கப்படுகிறது என்பது முதலில் அவர்களுக்குத் தெரிய வேண்டும். இதற்காகவே கிளைச் சங்கத்திலிருந்து இளைஞர் குழு ஒன்று படைக்கு நேரில் வந்து விளக்கிய பின் தேர்தல் நடத்தும் முறையை ஏற்படுத்தினார்கள். அந்தக் குழு வராமல் போனாலோ, வந்தும் எழுதி வைத்ததை அவசரமாகப் படித்துவிட்டுச் சீட்டை நீட்டினாலோ, பிள்ளைகள் இரண்டில் ஒன்றைச் செய்வார்கள்: நண்பர்களுக்குப் போடுவார்கள், அல்லது யாரையும் வருத்தப்படுத்த வேண்டாமென்று பட்டியலிலுள்ள எல்லாருக்கும் போடுவார்கள். இரண்டிலும் விதி மீறப்படவில்லை. ஆனால் தேர்தலின் பொருள் போய்விட்டது.

தரக் குறைவுக்குச் சான்றாகப் பழைய உறுப்பினர்கள் இரண்டு விதிமாற்றங்களைக் காட்டுவது வழக்கம். முன்பு ஒரு படையில் தகுதி பெற்றவர்களுள் இத்தனை பேரைத்தான் தேர்ந்தெடுக்கலாம் என்ற வரம்பு இருந்தது, அது நீக்கப்பட்டது. சகோதரத்துவம் எனப்படும் அடுத்த நிலைக்குப் பத்து மாதம் காத்திருக்க வேண்டியிருந்தது. அது ஆறு மாதமாயிற்று. முதல் மாற்றத்தை நான் குறை சொல்லமாட்டேன். நல்ல பையன்கள் நால்வர் இருக்கும் படையில் இருவரைக் கணக்குக்காக ஒதுக்குவது நியாயமாகாது. ஆனால் வரம்பு இருந்தவரை ஒவ்வொரு பிள்ளையும் வாக்களிக்கும்போது இவனா, அவனா என்று எடைபோட்டாக வேண்டியிருந்தது. வரம்பை எடுத்த பிறகு அப்படி எடைபோட வைக்க விளக்கத்தைத் தவிர வேறு கருவி இல்லை. விதியைத் தளர்த்தியவர்கள் விளக்கத்தை இறுக்கியிருக்க வேண்டும். காத்திருப்புக் குறைப்பைப் பற்றி எனக்கு ஐயம் அதிகம். புது உறுப்பினர் தம் பொறுப்பை உணர்ந்தாரா என்று பார்ப்பதற்கான காலம் அது. கிளைச் சங்கங்களை எத்தனை படைகளில் தேர்தல் நடத்தின, எத்தனை பேரை அடுத்த நிலைக்கு உயர்த்தின என்று எண்ணி மதிப்பிடும் நிர்வாகத்தில், குறுகிய காலம் எண்ணிக்கைக்கு உதவும், ஆளுக்கு உதவாது.

தேர்தலுக்குப் பிறகு நடப்பது இதைவிட வருந்தத்தக்கது. தேர்ந்தெடுக்கப்பட்டவர் ‘ஆர்டீல்’ எனப்படும் சோதனை நாளைக் கடந்தால்தான் உறுப்பினராகிறார். அதற்கு முந்தைய இரவு தனியே உறங்க வேண்டும். மறுநாள் முழுதும் பேசாமல், குறைந்த உணவோடு, முகாமின் பராமரிப்பு வேலைகளைச் செய்ய வேண்டும். நோன்புகளை அறிந்த நம்மவர்களுக்கு இதன் கருத்தைச் சொல்லித் தெரிவிக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த வாரயிறுதி எப்போது, எங்கே, கட்டணம் எவ்வளவு, எதைக் கொண்டு வர வேண்டும் என்ற செய்தி வீட்டுக்கு வந்து சேராததால் தேர்ந்தெடுக்கப்பட்ட பிள்ளை சோதனை நாளைத் தவறவிடுகிறது. தேர்தல் முடிவைக் குழு படையின் தலைவரிடம் கொடுக்கிறது. அவர் கிளைச் சங்கம் தெரிவிக்கும் என்றிருக்கிறார். கிளைச் சங்கம் அவர் சொல்வார் என்றிருக்கிறது. சிறார் பாதுகாப்பு விதிப்படி பெரியவர் ஒருவர் பிள்ளையோடு தனியாக மின்னஞ்சலிலோ குறுஞ்செய்தியிலோ பேசக் கூடாது. மிகச் சரியான விதி அது. அதனால் பெற்றோரின் முகவரியைத் தேர்தல் நாளிலேயே பிழையில்லாமல் வாங்குவது இன்றியமையாதது. வாங்கிய முகவரி ஓர் எழுத்துப் பிழையோடு உறுப்பினர் பதிவேட்டில் ஏறிவிட்டால், அந்தப் பிள்ளைக்குச் சங்கம் இல்லை. இவ்வளவையும் தாண்டிச் சோதனை நாளை முடித்து, வெள்ளைத் துணியில் சிவப்பு அம்பு தைத்த தோள்கச்சையைப் பெற்றவரும் பல இடங்களில் அதன்பின் அழைப்பே இல்லாமல் இருக்கிறார். கச்சையை வாங்கிக்கொண்டு காணாமல் போகிறவர்கள் என்று இவர்களைச் சங்கத்துக்குள்ளேயே பழிக்கிறார்கள். அது அநியாயம். வந்தவரை யாரும் மறுபடி அழைக்காதபோது ஓடிப்போனவர் அவர் என்று சொல்ல முடியுமா?

இதற்கு முதல் மறுப்பு எண்ணிக்கையிலிருந்து வரும். அமெரிக்கச் சாரணர் இயக்கமே தேய்ந்துவிட்டதே, அம்புச் சங்கத்தை மட்டும் குறை சொல்வானேன் என்று கேட்பார்கள். 2019இல் ஏறக்குறைய 20 லட்சம் சிறார் இருந்த இயக்கத்தில் 2021இல் சுமார் 7 லட்சத்து 62 ஆயிரம் பேரே எஞ்சினர். அதுவரை இயக்கத்தோடு இணைந்திருந்த மார்மன் சபை 2019 இறுதியோடு விலகிக்கொண்டது. பாலியல் கொடுமை வழக்குகளின் பின்னணியில் இயக்கம் 2020 பிப்ரவரியில் திவால் மனு கொடுத்தது; அதன்பின் ஆளானோரிடமிருந்து 82 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கோரிக்கைகள் வந்தன. பெருந்தொற்றால் முகாம்கள் நின்றன. சங்கத்தின் 2020 தேசிய மாநாடு நடக்காமல் 2022இல் நாக்ஸ்வில்லில் கூடியது. இவையெல்லாம் உண்மை, சங்கம் ஏன் சிறியதாயிற்று என்பதை இவை விளக்குகின்றன. எஞ்சியிருக்கும் பிள்ளைக்குத் தன் சோதனை நாள் எது என்று தெரியாமல் போனதை இவை விளக்கவில்லை. சொல்லப்போனால் சிறிய சங்கத்தில் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைப்பது எளிதாகியிருக்க வேண்டும். சங்கத்தின் உயிர்ப்பு முற்றும் போய்விடவில்லை என்பதற்கும் சான்றுண்டு. 2008இல் ‘ஆரோகார்ப்ஸ்5’ என்ற பெயரில் ஐந்து தேசியக் காடுகளில் ஆயிரக்கணக்கான இளைஞர்களைத் திரட்டி, பாதை அமைப்பது, அயல் செடிகளை அகற்றுவது போன்ற பணிகளைச் சங்கம் செய்து முடித்தது. பல மாநிலங்களிலிருந்து ஆள் திரட்டத் தெரிந்த அமைப்புக்கு, பக்கத்து ஊர்ப் படைக்குத் தேதி சொல்லத் தெரியாது என்று நான் நம்பமாட்டேன்.

இரண்டாவது மறுப்பு வலுவானது. இது இளைஞர்களே நடத்தும் சங்கம். 21 வயது நிரம்பாதவர்களுக்கே வாக்கும் பதவியும். பெரியவர்கள் ஆலோசகர்கள் மட்டும். பதினாறு வயதுத் தலைவர் ஒருவர் கடிதம் அனுப்ப மறப்பார், தவறு செய்து கற்றுக்கொள்வார், அதுதானே பயிற்சி என்பார்கள். பயிற்சி என்பதை ஏற்கிறேன். ஆனால் தவறிலிருந்து கற்க, அது தவறென்று ஒருவர் எடுத்துக்காட்ட வேண்டும். பொறுப்பாளர்கள் ஆண்டுதோறும் மாறுகிறார்கள். மறந்தவர் விளைவைப் பார்க்குமுன் கல்லூரிக்குப் போய்விடுகிறார். அடுத்தவர் அதே இடத்திலிருந்து மறுபடி தொடங்குகிறார். ஆண்டுக்காண்டு தொடர்ச்சியைக் காப்பது ஆலோசகரின் கடமை. அதை விட்டுவிட்டு, பையன்களின் சுதந்திரத்தில் தலையிடவில்லை என்று சொல்வது கைகழுவல். விலை கொடுப்பவர் மறந்த தலைவரல்லர். வீட்டில் காத்திருந்த பன்னிரண்டு வயதுப் பிள்ளை.

மூன்றாவது மறுப்பு, சங்கத்தின் மறைபொருள் பற்றியது. சடங்குகளை முன்கூட்டியே சொல்லிவிட்டால் வியப்புப் போய்விடும், ஆகவே கொஞ்சம் மூடித்தான் வைக்க வேண்டும் என்பது நெடுநாள் வழக்கம். அமெரிக்கச் சாரணர் இயக்கம் தன்னுள் இரகசிய அமைப்பு எதையும் அனுமதிப்பதில்லை. கேட்கும் பெற்றோருக்குச் சடங்கு முழுவதையும் விளக்கச் சங்கமே கடமைப்பட்டிருக்கிறது. சடங்கின் வியப்பைக் காப்பதற்கும், நோக்கத்தைச் சொல்லாமல் விடுவதற்கும் தொடர்பில்லை. சம்பந்தப்பட்டவர்களோடு பேசாமல் விடும் இந்தப் பழக்கம் தொடக்கத்திலிருந்தே இருந்தது என்றும் எனக்குத் தோன்றுகிறது. டெலவேர் ஆற்றங்கரைகளின் பூர்வகுடிகளான லெனாபே மக்களின் மொழியிலிருந்து பெயர்களையும், ஃபெனிமோர் கூப்பரின் ‘தி லாஸ்ட் ஆஃப் தி மோஹிகன்ஸ்’ நாவலிலிருந்து பாத்திரங்களையும் எடுத்துத்தான் சடங்கைக் கட்டினார்கள். லெனாபே மக்களோ எப்போதோ மேற்கே துரத்தப்பட்டு, இன்று ஓக்லஹோமா, விஸ்கான்சின், கனடாவின் ஒன்டாரியோ ஆகிய இடங்களில் வாழ்கிறார்கள். அவர்கள் பெயரால் நடக்கும் சடங்கில் அவர்களோடு பேச்சு வார்த்தை எவ்வளவு நடந்தது? அண்மை ஆண்டுகளில் குருளையர் எனப்படும் இளஞ்சாரணர்களின் விழாக்களில் பூர்வகுடி உடையணிந்து நடிப்பதை நிறுத்தியிருக்கிறார்கள். தாமதமாக வந்தாலும் நல்ல முடிவு.

தீர்வைத் தேடிச் சங்கம் வெளியே போக வேண்டியதில்லை. சோதனை நாளில் ஒவ்வொரு சிறு குழுவுக்கும் ‘எலங்கோமட்’ என்றொரு மூத்த இளைஞர் இருக்கிறார். முன்பே சோதனையைக் கடந்தவர். புதியவர்களோடு மறுபடியும் பேசாமல், அதே குறை உணவை உண்டு, அதே வேலையைச் செய்கிறார். குழுவினர் அடுத்த நிலை அடையும்வரை அவர்களோடு தொடர்பில் இருப்பதும் அவர் பொறுப்பு. நூறாண்டுக்கு முன் தொடங்கிய ஒரு சங்கம் இவ்வளவு அழகான பொறுப்பைத் தன்னிடம் வைத்துக்கொண்டு, அதை ஒரே நாளோடு முடிய விடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. அதேபோல் ஒவ்வொரு படையிலும் சங்கத்தின் இளைஞர் பிரதிநிதி என்ற பதவி உண்டு. தேர்தலுக்கு முந்தைய வாரம் தம் படையின் சிறுவர்களுக்கு, யாருக்கு ஏன் வாக்களிக்க வேண்டும் என்று உட்கார்ந்து சொல்ல அவரைவிடப் பொருத்தமானவர் இல்லை. இந்த இரண்டு பதவிகளும் உயிரோடிருந்தால், பத்து மாதமா ஆறு மாதமா என்ற சண்டை பெரிதும் தேவையற்றதாகிவிடும்.

அம்புச் சங்கத்தில் பொறுப்பிலுள்ளவர்களுக்கு, குறிப்பாக ஆலோசகர்களான பெரியவர்களுக்கு, என் வேண்டுகோள் இதுதான். கிளைச் சங்கத்தின் ஆண்டறிக்கையில் எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்பதற்கு முன், தேர்ந்தெடுக்கப்பட்டும் வராதவர்கள் எத்தனை பேர், அவர்களில் எத்தனை வீட்டாரிடம் நாம் நேரில் பேசினோம் என்பதை எழுதுங்கள். சாரணப் படையில் பிள்ளைகளைச் சேர்த்திருக்கும் தமிழ்ப் பெற்றோரிடமும் ஒன்று கேட்கிறேன்: உங்கள் பிள்ளை தேர்ந்தெடுக்கப்பட்டதாகச் செய்தி வந்தால் அழைப்புக்காகக் காத்திராமல், சோதனை நாள் எது என்று மறுநாளே கிளைச் சங்கத்தைக் கேளுங்கள்.