வேலை இல்லாமல் மதுரைக்குப் போன நாள்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசிய உரை)



மேடை ஏறிப் பேசி எனக்குப் பழக்கம் இல்லை. பத்தாவது வரைக்கும்தான் படிச்சேன். "உங்க குழு மதுரைக்குச் சுற்றுலா போயிட்டு வந்ததைப் பத்தி மத்த குழுக்காரங்களுக்குச் சொல்லு" என்று தலைவி அக்கா சொன்னாங்க. தப்பு இருந்தா பொறுத்துக்குங்க.

மதுரையா, அது என்ன பெரிய ஊரா என்று சில பேர் சிரிக்கிறீங்க. நம்ம திண்டுக்கல்லில் இருந்து 65 கிலோமீட்டர்தான். பஸ் ஏறினா ரெண்டு மணி நேரம்கூட ஆகாது. நாம எல்லாருமே போயிருக்கோம். நிலக்கோட்டைப் பக்கம் நம்ம அக்காமார் விடியுமுன்னே பறிக்கிற மல்லிகைப் பூகூட தினமும் மதுரைக்குப் போகுது.

நான் கேட்கிறது ஒரே கேள்விதான். நீங்க எதுக்குப் போனீங்க? ஆஸ்பத்திரிக்குப் போயிருப்போம். கல்யாணத்துக்குச் சேலை எடுக்கப் போயிருப்போம். துக்கத்துக்குப் போயிருப்போம். போன வேலை முடிஞ்சதும் கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடி வந்திருப்போம். ஒரு வேலையும் இல்லாம, ஊரைப் பார்க்கிறதுக்காகவே போனவங்க கை தூக்குங்க பார்ப்போம். சரி, கையை எண்ணவே வேண்டாம்.

எங்க குழுவிலும் இதே கதைதான். போன வருஷம் ஒரு கூட்டத்தில் இந்தப் பேச்சு வந்தது. ஒரு அக்கா உடனே எழுந்து, "வாங்கின கடனை அடைக்கவே வழியைக் காணோம், இதுல ஊர் சுத்த வேற போகணுமா?" என்று கேட்டாங்க. அவங்க கேட்டதில் நியாயம் இருக்கு. அதனால ஒரு தீர்மானம் போட்டோம். குழுச் சேமிப்பில் இருந்தோ கடன் பணத்தில் இருந்தோ ஒரு ரூபாய்கூட எடுக்கக் கூடாது. தனி நோட்டு, தனி டப்பா. வாரம் ஆளுக்குப் பத்து ரூபாய். 45 வாரம் போட்டோம். ஆளுக்கு 450 ரூபாய் சேர்ந்தது. கேள்வி கேட்ட அந்த அக்காதான் டப்பாவுக்குச் சாவி வச்சிருந்தாங்க.

காசு சேர்ந்துடுச்சு, வீட்டில் சொல்றதுதான் பெரும்பாடாப் போச்சு. என் மாமியார், "மதுரையில உனக்கு என்ன வேலை?" என்று கேட்டாங்க. எனக்குப் பதில் வரலை. வேலை எதுவும் இல்லை அத்தை, சும்மா பார்க்கத்தான் என்று சொல்ல வாய் கூசுது. டீக்கடையில், "பொம்பளைங்க எல்லாம் ஒண்ணாச் சேர்ந்து ஊர் சுத்தக் கிளம்பிட்டாங்கப்பா" என்று பேச்சு. நாலு நாள் கழிச்சு மாமியாரே, "போயிட்டு வா, புள்ளைங்களை நான் பார்த்துக்கிறேன்" என்று சொன்னாங்க. அன்னைக்கு ராத்திரி அவங்க ஒண்ணு சொன்னாங்க. "எனக்கு அறுபத்தெட்டு வயசு. நான் மதுரையில பார்த்தது ஆஸ்பத்திரி வார்டு மட்டும்தான்." அதைக் கேட்டதும், இவங்களையும் கூட்டிட்டுப் போகணும்னு எனக்கு ஏன் தோணாமப் போச்சுன்னு மனசு உறுத்துச்சு.

கிளம்புற அன்னைக்கு அதிகாலை அஞ்சரை மணிக்கு வேன் வந்தது. 18 பேர் ஏறினோம். இட்லியும் புளியோதரையும் வீட்டிலேயே கட்டிக்கிட்டோம். மதுரையில் ஒரு வழிகாட்டியை முன்கூட்டியே பேசி வச்சிருந்தோம். முப்பது வயசுகூட இருக்காது, சின்னப் பொண்ணு. எங்களைப் பார்த்ததும், "அம்மா, இன்னைக்கு நீங்க அவசரப்படவே கூடாது. எதுன்னாலும் நிறுத்திக் கேளுங்க" என்று சொன்னது. எங்களை யாரும் அப்படிச் சொன்னதே கிடையாது.

முதலில் மீனாட்சி அம்மன் கோயில். உள்ளே போகும் முன்னாடி வெளியே நிறுத்தி, ஊர் எப்படி அமைஞ்சிருக்குன்னு சொன்னது. கோயில் நடுவில். கோயிலுக்குள்ளே ஆடி வீதி, அதைச் சுத்திச் சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி, கடைசியில் வெளி வீதி, ஒண்ணைச் சுத்தி ஒண்ணு. எத்தனை தடவை மாசி வீதியில் சேலை எடுத்திருப்போம்! மாதப் பேரை ஏன் வச்சாங்கன்னு ஒரு நாளும் யோசிச்சதில்லை. முன்னாடி அந்தந்த மாசத் திருவிழாவில் சாமி வலம் வந்த வீதியாம். வெளி வீதிப் பக்கம் முன்னாடி கோட்டைச் சுவரும் அகழியும் இருந்ததாம். 1840களில் பிளாக்பர்ன் என்கிற கலெக்டர் இடிச்சு, ஊரை விரிவுபடுத்தினாராம்.

கோயிலுக்குள் ஆயிரங்கால் மண்டபத்தில் நிக்க வச்சு, இங்கே இருக்கிறது உண்மையில் 985 தூண்தான் என்று சொன்னது. 1569இல் அரியநாத முதலியார் கட்டினது. இன்னொண்ணு சொன்னது, அதில்தான் எங்களுக்குச் சிரிப்பு அடங்கலை. சித்திரையில் மீனாட்சிக்குப் பட்டாபிஷேகம் நடந்து அம்மா ஆட்சி தொடங்குது. ஆவணியில் சொக்கநாதருக்குப் பட்டாபிஷேகம் ஆகி, அதுக்கப்புறம் ஐயா ஆட்சி. எங்க குழுவில் ஒரு பாட்டி, "நாலு மாசமாவது நம்ம கையில குடுத்தாங்களே, நம்ம வீட்டுலயும் இந்த முறை வந்தா நல்லாத்தான் இருக்கும்" என்று சொல்லிட்டாங்க.

சிரிச்சு முடிச்சதும் அந்தப் பொண்ணு, 1939 ஜூலை 8ஆம் தேதியைப் பத்திச் சொன்னது. அதுவரைக்கும் எத்தனையோ சாதி மக்களைக் கோயிலுக்குள்ளே விடமாட்டாங்க. அன்னைக்குத்தான் வைத்தியநாத ஐயர், அந்த மக்களில் சில பேரைக் கூட்டிக்கிட்டு உள்ளே போனார். பின்னாளில் அமைச்சரான கக்கன் அவங்களில் ஒருத்தர். இதைக் கேட்டதும் எங்களில் ரெண்டு பேர் ஒண்ணும் பேசலை. அப்புறம் ஒரு அக்கா மட்டும், "எங்க அம்மாச்சி வயசுக்கு வந்த காலத்துல இந்த வாசல்ல நின்னுருக்க முடியாது, நான் உள்ள நிக்கிறேன்" என்றாங்க. நாங்க எல்லாச் சாதியும் ஒரே வேனில்தான் போனோம், ஒரே புளியோதரையைத்தான் சாப்பிட்டோம். அன்னைக்குத்தான் அது சின்ன விஷயம் இல்லைன்னு தெரிஞ்சுது.

அடுத்து திருமலை நாயக்கர் மகால். 1636இல் கட்டினது. இப்போ நாம பார்க்கிறது, இருந்ததில் கால்வாசிதானாம். பேரன் சொக்கநாத நாயக்கர் திருச்சிக்கு ஒரு பகுதியைப் பிரிச்சு எடுத்துட்டுப் போயிட்டாராம். இடிஞ்சு கிடந்ததை நேப்பியர் என்கிற வெள்ளைக்காரக் கவர்னர் பழுது பார்த்தாராம். செங்கல், சுண்ணாம்பு, மேல் பூச்சுக்கு முட்டை வெள்ளைக்கரு சேர்த்தாங்களாம். எங்க குழுவில் சித்தாள் வேலைக்குப் போற ஒரு தங்கச்சி இருக்கு. தூணை ரெண்டு கையாலும் தொட்டுப் பார்த்துட்டு, "ஏம்மா, இவ்வளவு சுண்ணாம்பை யார் அரைச்சது? யார் சுமந்தது?" என்று கேட்டது. வழிகாட்டிப் பொண்ணு கொஞ்ச நேரம் யோசிச்சு, "பேர் எங்கேயும் எழுதலை அக்கா. ஆனா சுமந்தவங்கள்ல பாதி உங்களை மாதிரிப் பொம்பளைங்களாத்தான் இருந்திருக்கணும்" என்றது. அதுக்கு அப்புறம் அந்தத் தங்கச்சி எந்தத் தூணையும் தொடாமத் தாண்டலை.

மதியம் மரத்தடியில் சாப்பிட்டுட்டு தமுக்கம் பக்கம் காந்தி மியூசியம் போனோம். அது ராணி மங்கம்மாள் காலத்து அரண்மனையாம். 1959இல் நேரு வந்து மியூசியத்தைத் திறந்து வச்சார். காந்தியைச் சுட்ட அன்னைக்கு உடுத்தியிருந்த, ரத்தக்கறை படிஞ்ச துணி ஒண்ணு அங்கே கண்ணாடிக்குள் இருக்கு. அந்த அறையில் யாரும் சத்தமே போடலை. 1921 செப்டம்பரில் மதுரை மேல மாசி வீதியில் ஒரு வீட்டில் தங்கியிருந்தப்போதான், ஏழை ஜனங்களுக்கு இல்லாத துணி எனக்கும் வேண்டாம்னு சட்டையும் பெரிய வேட்டியும் விட்டு, இடுப்பில் ஒரு துண்டோட நின்னாராம். எங்க பக்கத்து ஊர் சின்னாளபட்டி, நெசவு ஊர். துணின்னா என்னன்னு தெரிஞ்சவங்க நாங்க. ரொம்ப நேரம் நின்னு பார்த்தோம்.

மங்கம்மாளைப் பத்தியும் அந்தப் பொண்ணு சொன்னது. புருஷன் செத்து, பிள்ளையும் செத்து, கைக்குழந்தைப் பேரனுக்காக 1689இல் இருந்து ஆண்ட அம்மா. சாலை போட்டு, மரம் நட்டு, வழிப்போக்கர்களுக்குச் சத்திரம் கட்டினவங்க. ஒரு நாள் தெரியாம இடது கையால் வெத்தலை போட்டுட்டாங்களாம், அந்தப் பாவம் தீரத்தான் இத்தனை தர்மம் செஞ்சாங்கன்னு ஊரில் ஒரு கதை உண்டாம். அதுக்கு எங்க பாட்டி, "ஆம்பள ராஜா கட்டினா தர்மம், பொம்பள கட்டினா பாவத்துக்குப் பரிகாரமா?" என்று கேட்டாங்க. அந்தப் பொண்ணே கை தட்டிடுச்சு.

சாயந்திரம் ஜிகர்தண்டா குடிச்சுட்டு, அந்தப் பொண்ணை ரயில்வே ஸ்டேஷன் பக்கம் இறக்கிவிடப் போனோம். இறங்கும்போது எதிரே கையைக் காட்டி, "இதுதான்மா மங்கம்மாள் சத்திரம்" என்றது.

சகோதரிகளே, எனக்குக் கால் ஓடலை.

எட்டு வருஷத்துக்கு முன்னாடி எங்க அம்மாவை மதுரையில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். பதினோரு நாள். கூட இருந்தது நான் ஒருத்திதான். வீட்டுக்குப் போகச் சொன்ன அன்னைக்கு ஸ்டேஷனுக்கு வந்து சேரும்போது ராத்திரி ஆயிடுச்சு. கையில் இருந்த காசுக்கு ரூம் எடுக்க முடியாது. விடிகாலை ரயில் வரைக்கும் அந்தக் கட்டடத்து ஓரமாத்தான் உட்கார்ந்திருந்தோம். அம்மா என் மடியில் தலை வச்சுப் படுத்திருந்தாங்க. யாராவது வந்து எழுந்திரிச்சுப் போன்னு சொல்லிடுவாங்களோன்னு ராத்திரி பூரா பயம். பேர்ப் பலகை அன்னைக்கும் இருந்திருக்கும். படிக்கிற நிலைமையிலா நான் இருந்தேன்?

அம்மா இப்போ இல்லை. அன்னைக்கு நாங்க யாருக்கோ சொந்தமான இடத்தில் திருட்டுத்தனமா உட்கார்ந்த மாதிரி எட்டு வருஷமா நினைச்சிருந்தேன். எங்களை மாதிரி வழிப்போக்கர்களுக்காக ஒரு பொம்பளை கட்டி வச்ச வாசலில்தான் உட்கார்ந்திருந்தோம்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது. எங்க அம்மாகிட்ட அதைச் சொல்ல முடியலையேன்னுதான் அழுதேன். பதினேழு பேரும் என்னைச் சுத்தி நின்னாங்க.

கணக்கைச் சொல்லிடுறேன், இது குழு இல்லையா. 18 பேருக்கு வரவு 8,100 ரூபாய். வேன் 4,800. வழிகாட்டி 1,500. நுழைவுச்சீட்டு, வண்டி நிறுத்தம் 400. ஜிகர்தண்டா, காபி 1,150. மொத்தச் செலவு 7,850. மீதி 250 ரூபாய் டப்பாவில் இருக்கு.

மத்த குழுக்களுக்கு நாங்க பட்டுத் தெரிஞ்சுக்கிட்டது மூணு. ஒண்ணு, விடியுமுன்னே கிளம்பிடுங்க. மதியம் பன்னிரண்டரை வாக்கில் கோயில் நடை சாத்தினா நாலு மணிக்குத்தான் திறப்பாங்க. கோயிலுக்குள் செல்போன் கொண்டுபோக முடியாது. ரெண்டு, வழிகாட்டிக்கு எவ்வளவு, எத்தனை மணி நேரம், எந்தெந்த இடம்னு முதலிலேயே பேசிடுங்க. அந்தக் காசு வீண் இல்லை. சொல்றதுக்கு ஆள் இல்லைன்னா நாம வெறும் கல்லைத்தான் பார்த்துட்டு வருவோம். மூணு, மாமியாரையும் அம்மாவையும் முதலிலேயே கணக்கில் சேர்த்துக்குங்க.

கடைசியா ஒரு விஷயம். எங்க குழுவில் 45 வாரமும் ஒரு வாரம்கூட விடாமப் பத்து ரூபாய் போட்ட இன்னொரு சகோதரி உண்டு. கிளம்புற அன்னைக்குக் காலையில் தலை சீவி, பூ வச்சு, வாசல் வரைக்கும் வந்தாங்க. வீட்டில் விடலை. வேன் அவங்க வாசலைத் தாண்டித்தான் போச்சு. நாங்க 18 பேரும் அவங்களைப் பார்த்தோம், ஒருத்தரும் இறங்கிப் போய் ஒரு வார்த்தை கேட்கலை. அதுதான் எங்க சுற்றுலாவில் நடந்த பெரிய தப்பு. திரும்பி வந்து 450 ரூபாயைக் கொடுக்கப் போனோம். வாங்கலை. "அடுத்ததுக்கு வச்சுக்குங்க" என்று மட்டும் சொன்னாங்க.

அடுத்தது எங்கேன்னு முடிவு பண்ணிட்டோம். நம்ம திண்டுக்கல் மலைக்கோட்டை. காலையில் எழுந்து வாசல் தெளிக்கும்போதே அந்த மலை கண்ணுக்குத் தெரியுது, எங்களில் பாதிப் பேர் ஏறினதில்லை. வேலு நாச்சியார் வெள்ளைக்காரனிடம் நாட்டை இழந்துட்டு அடைக்கலம் தேடி வந்தது நம்ம திண்டுக்கல் சீமைக்குத்தான், விருப்பாட்சியில்தான் தங்கினாங்க. 1780இல் சிவகங்கையைத் திரும்பப் பிடிச்சாங்க. இதையெல்லாம் நம்ம மலை மேலே நின்னு நம்ம பிள்ளைகளுக்குச் சொல்லணும். இதுக்குப் பெரிய செலவு ஆகாது. செலவுன்னு யாரும் வாய் திறக்க முடியாது.

அந்தப் பட்டியலில் முதல் பேர் அந்தச் சகோதரியோட பேர். ரெண்டாவது பேர் என் மாமியார். இந்தத் தடவை அந்தச் சகோதரி வீட்டுக்கு முன்கூட்டியே 18 பேரும் சேர்ந்து போய்ப் பேசுவோம். வேலை இல்லாம எதுக்குன்னு கேட்டா, பார்க்கிறதும் ஒரு வேலைதான் என்று சொல்லுவோம்.