ஜாக்கும் சக்கையும்

பஞ்சரான காரைத் தூக்கி நிறுத்துறது ஜாக்கி. சீட்டுக்கட்டுல ராணிக்கு அடுத்ததும் ஜாக்கி. ரெண்டுக்கும் மூலம் 'ஜாக்'. ஆங்கிலத்துல அது ஆள் பேர். வேலையாளுக்குப் பொதுப்பேராகி, அவன் வேலையைச் செய்ற கருவிக்கும் ஒட்டிக்கிச்சு.

அப்போ 'ஜாக் ஃப்ரூட்'? அதுக்கும் அந்த ஆளுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை! பாறசாலை, நெய்யாற்றின்கரைத் தோட்டங்கள்ல காய்க்கிற பலா, அங்கே 'சக்கை'. போர்த்துக்கீசியர் வாயில அது 'ஜாக்கா'. போர்த்துக்கீசிய மருத்துவர் கார்சியா த ஓர்த்தா 1563-ல கோவாவுல அச்சிட்ட மருந்து நூல்லயே அந்தப் பேர் இருக்கு. அதைத்தான் ஆங்கிலேயர் 'ஜாக்'னு சுருக்கினாங்க.

1956-ல மாநிலங்களைப் பிரிச்சப்போ நெய்யாற்றின்கரை கேரளத்துல நின்னுது. பக்கத்து விளவங்கோடு தமிழ்நாட்டுக்கு வந்தது. ஆனா எல்லைக்கு இந்தப் பக்கமும் பலா வகைகளுக்குப் பேர் வருக்கைச் சக்கை, கூழச் சக்கைதான்.

களியக்காவிளைக்காரர் மதுரை நண்பரை அன்பா உபசரிச்சார்: "சக்கை சாப்பிடுங்க!"

நண்பருக்கு வந்ததே கோபம்: "ஏங்க, சுளையெல்லாம் உங்களுக்கு, சக்கை எனக்கா?"