போன் நம்மை ஒட்டுக் கேட்கிறதா?

(புத்தளம் மாவட்டத் தென்னந்தோட்டத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கொஞ்ச நாளாக நமது தோட்டக் கமிட்டிக் கூட்டங்களில் ஒரு புதுப் பழக்கம் வந்திருக்கிறது. கூட்டம் தொடங்க முன்னர் எல்லாருடைய போனையும் ஒரு பையில் போட்டு அடுத்த அறையில் வைக்கிறோம். "துரை போன் வழியாகக் கேட்கிறாராம்" என்று யாரோ சொல்லிவிட்டார்கள். சில அக்காமார் அதற்குப் பயந்து கூட்டத்துக்கு வருவதையே நிறுத்திவிட்டார்கள். தேங்காய் உரிக்கும் கூலியைப் பற்றி வீட்டு வாசலில்கூட வாய் திறப்பதில்லை. அதனால்தான் சம்பள விஷயத்தைப் பிறகு வைத்துக்கொண்டு, இன்று இதை முதலில் பேசுகிறோம்.

போனால் ஒட்டுக் கேட்க முடியுமா? முடியும். இஸ்ரேலில் என்.எஸ்.ஓ. என்றொரு கம்பனி பெகாசஸ் என்ற மென்பொருளைச் செய்து விற்கிறது. அது போனுக்குள் புகுந்தால் மைக்கையும் கமராவையும் சொந்தக்காரருக்குத் தெரியாமலே திறக்கும். 2019இல் வட்ஸ்அப் அழைப்பு வழியாகவே அதைப் புகுத்தினார்கள். அழைப்பை எடுக்கக்கூடத் தேவையில்லை. சுமார் 1,400 பேரின் போன்கள் குறிவைக்கப்பட்டன என்று வட்ஸ்அப் வழக்குப் போட்டது. 2024 டிசம்பரில் அமெரிக்க நீதிமன்றம் அந்தக் கம்பனிதான் பொறுப்பு என்று தீர்த்தது.

அடுத்த நாடான இந்தியாவிலும் இது பெரிய பிரச்சினையானது. 2021 ஜூலையில் வெளியான இலக்கப் பட்டியலில் பத்திரிகையாளர்கள், எதிர்க்கட்சிக்காரர்கள், தமிழ்நாட்டின் திருமுருகன் காந்தி, ரயில்வேத் தொழிற்சங்கத் தலைவர் சிவ கோபால் மிஸ்ரா ஆகியோரின் இலக்கங்களும் இருந்தன. பட்டியலில் இலக்கம் இருந்தால் போனுக்குள் புகுந்துவிட்டார்கள் என்று அர்த்தமில்லை. இந்திய உச்ச நீதிமன்றம் அமைத்த குழு 29 போன்களைச் சோதித்தது. ஐந்தில் ஏதோ தீய மென்பொருள் இருந்தது, அது பெகாசஸ்தான் என்று நிரூபணமாகவில்லை என்று 2022இல் நீதிமன்றத்தில் சொல்லப்பட்டது. ஆனாலும் தொழிற்சங்கத் தலைவர் ஒருவரின் இலக்கம் அந்தப் பட்டியலில் ஏன் வந்தது என்ற கேள்வி நமக்கு முக்கியம்.

இனி நமது துரைக்கு வருவோம். பெகாசஸை அரசாங்கங்களுக்கு மட்டுமே விற்பதாக அந்தக் கம்பனியே சொல்கிறது. விலையும் கோடிக்கணக்கில். தோட்டத்துக் கக்கூஸ் கதவைத் திருத்தவே காசில்லை என்கிறவர்கள், நமது பேச்சைக் கேட்க அவ்வளவு செலவழிப்பார்களா?

"அப்படியானால் ரைஸ் குக்கர் வாங்கவேண்டும் என்று பேசினோம், அன்று ராத்திரியே பேஸ்புக்கில் ரைஸ் குக்கர் விளம்பரம் வந்ததே" என்று கேட்பீர்கள். அமெரிக்காவின் நோர்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 17,000க்கும் மேற்பட்ட செயலிகளைச் சோதித்து 2018இல் முடிவை வெளியிட்டார்கள். களவாக மைக்கைத் திறந்து பேச்சை அனுப்பிய செயலி ஒன்றும் அகப்படவில்லை. ஆனால் திரையில் நாம் செய்வதைப் படமாக்கி வேறு கம்பனிக்கு அனுப்பிய செயலிகள் இருந்தன. நாள் முழுக்கப் பேச்சை அனுப்பினால் ரீலோட் போட்ட டேட்டா எங்கே நிற்கும்? பற்றரிதான் தாங்குமா? விளம்பரக்காரருக்கு நமது குரல் தேவையே இல்லை. நாம் எந்த ஊரில் இருக்கிறோம், எதைத் தேடினோம், எந்த வீடியோவில் நின்றோம், அதே போனில் மகள் எதைப் பார்த்தாள் என்பதே அவர்களுக்குப் போதும். பொருந்தாமல் வருகிற நூறு விளம்பரத்தை நாம் மறந்துவிடுகிறோம், பொருந்திய ஒன்றுதான் மனதில் நிற்கிறது.

குரலால் வேலை செய்யும் உதவியாளர் விஷயம் வேறு. ஐபோனின் சிரி கூப்பிடாமலே விழித்துக்கொண்டு பேச்சைப் பதிவு செய்ததாகப் போட்ட வழக்கில், தவறை ஒப்புக்கொள்ளாமலே 9 கோடி 50 இலட்சம் டொலர் கொடுக்க 2025 ஜனவரியில் ஆப்பிள் இணங்கியது. அந்த வசதி வேண்டாதவர்கள் நிறுத்தி வைக்கலாம்.

நமது பேச்சு துரையிடம் போனது உண்மைதான். எப்படிப் போனது? ஒரு தோட்டத்தில் நாங்களே விசாரித்தோம். கூட்டத்துக்கு வராத தம்பிக்காக ஒருவர் குரல் பதிவு அனுப்பியிருக்கிறார். அது குரூப்புக்குக் குரூப் தாவி, விடிவதற்குள் பங்களாவுக்குப் போய்விட்டது. இன்னொரு வழியும் உண்டு. வட்ஸ்அப்பில் 'இணைக்கப்பட்ட சாதனங்கள்' என்று ஓரிடம் இருக்கிறது. பூட்டில்லாத போன் ஒரு நிமிடம் இன்னொருவர் கையில் இருந்தால், அதை அவருடைய கணினியோடு இணைத்துவிட்டு நமது செய்தியெல்லாம் வாசிக்கலாம். அதற்குப் பெகாசஸ் தேவையில்லை.

இன்னுமொன்று. சங்கத்தில் சேரும் உரிமை நமது அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரையில் இருக்கிறது. சங்க வேலைக்காகத் தொழிலாளியை நீக்குவது நியாயமற்ற தொழில் நடைமுறை என்று கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தில் 1999இல் சேர்த்தார்கள். துரை கேட்டாலும், கூலி கேட்பது குற்றமல்ல. யார் முன்னால் நிற்பார், எந்த நாள் கந்தோருக்குப் போவது போன்ற விஷயங்களை மட்டும் நேரில் பேசுவோம், குரல் பதிவில் வேண்டாம்.

அடுத்த ஞாயிறு கூட்டத்துக்குப் போனைக் கையிலேயே கொண்டு வாருங்கள். பெரிய வகுப்புப் பிள்ளைகள் நால்வர் வருவார்கள். ஒவ்வொரு போனிலும் அந்த இணைக்கப்பட்ட சாதனங்களைப் பார்த்து, தெரியாததை நீக்கி, பூட்டும் போட்டுத் தருவார்கள். எந்தெந்தச் செயலிக்கு மைக் அனுமதி இருக்கிறது என்றும் காட்டுவார்கள். புதிய போன்களில் ஒரு செயலி மைக்கைத் திறந்தால் திரையின் மேலே சின்னப் பச்சை அல்லது செம்மஞ்சள் புள்ளி வரும், அதையும் பார்த்துப் பழகலாம். வராமல் நின்ற அக்காமாரை நீங்களே போய்க் கூட்டிவாருங்கள். பிள்ளைகளின் வேலை முடிந்ததும் உரிக்கும் கூலியைப் பேசுவோம்.