கருப்பைக் கட்டியும் கேட்கத்தக்க ஒரு வழியும்



இசையும் நாடகமும் காண வந்த உங்கள் முன் நோயைப் பற்றிப் பேச முற்பட்டமைக்குப் பொறுத்தருள வேண்டுகிறோம். பேசாமையினாலேயே வளரும் துன்பம் இது; ஆதலின் பேசத் துணிந்தோம்.

கருப்பையின் தசையில் தோன்றும் நார்க்கட்டியை மருத்துவர்கள் ‘ஃபைப்ராய்டு’ என்பர். இது புற்றுநோயன்று. பலருக்கு யாதொரு தொல்லையும் தருவதில்லை. சிலருக்கோ மாதவிலக்கின்போது இரத்தம் மிகுதியாகப் போகின்றது. மணிக்கொரு முறை துணி மாற்ற நேர்ந்தாலும், கட்டி கட்டியாக இரத்தம் வெளிப்பட்டாலும், ஏழு நாளுக்கு மேல் நீடித்தாலும் அஃது இயல்பன்று. ‘பெண் பிறவியின் பாடு’ என்று நம் அன்னையர் பொறுத்தனர். நாமும் பொறுத்து, மாடிப்படி ஏறவும் மூச்சு வாங்கும் நிலைக்கு ஆளாகின்றோம். 2019-21ஆம் ஆண்டுத் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு இரத்தசோகை உண்டு. அதற்குக் காரணங்கள் பல. மிகுந்த இரத்தப்போக்கும் அவற்றுள் ஒன்று.

‘கருப்பையை எடுத்துவிடுவோம்’ என்பதே சிலருக்கு முதல் அறிவுரையாகக் கிடைக்கின்றது. அறுவையே தக்க வழியாக அமைவாரும் உளர், மறுக்கவில்லை. ஆயினும், தேவையின்றிக் கருப்பை அகற்றப்படுவதைத் தடுக்குமாறு உச்சநீதிமன்றமே 2023இல் மாநிலங்களுக்கு ஆணையிட நேர்ந்தது.

அறுவைக்கு முன் கேட்கத்தக்க வழி ஒன்றுண்டு. 1990இல் பின்லாந்தில் முதன்முதலாக வழக்கிற்கு வந்த ஹார்மோன் கருவி அது. ‘டி’ என்னும் ஆங்கில எழுத்தின் வடிவில், 32 மில்லிமீட்டர் நீளமுள்ள சிறு பிளாஸ்டிக் கருவி. அதனுள் 52 மில்லிகிராம் லெவோநார்ஜெஸ்ட்ரெல் என்னும் மருந்து உள்ளது. தொடக்கத்தில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 20 மைக்ரோகிராம் வீதம் கசிகின்றது. அதனால் கருப்பையின் உட்சவ்வு மெலிந்து, இரத்தப்போக்கு குறைகின்றது. இதனைப் பொருத்த வயிற்றைக் கீற வேண்டுவதில்லை. ஐந்தாண்டுகள் பயன்படும். இருக்கும் வரை கருத்தடையாகவும் அமையும். எடுத்தபின் கருவுறுதற்கு அது தடையன்று.

இதனை அனைத்தையும் தீர்க்கும் மருந்தென்று கருதிவிடலாகாது. குறைவது போக்கேயன்றிக் கட்டியன்று. கட்டி கருப்பையின் உள்வெளியைக் கோணச் செய்திருப்பின் கருவி பொருந்தாது. நழுவி விழவும் கூடும். முதல் மூன்று முதல் ஆறு திங்கள் வரை ஒழுங்கற்ற கசிவு இருக்கலாம். மார்பகப் புற்றுநோய் உற்றோருக்கு இஃது ஆகாது. எவராயினும் போக்கின் காரணத்தை முதலில் ஆராய்ந்தறிதல் வேண்டும்.

சகோதரிகளே! தாய்மொழி வழங்காத ஊரில், மருத்துவர் முன் சொல் வராமல், ‘ஒன்றுமில்லை’ என்று கூறித் திரும்பிய பெண்கள் நம் குடியிருப்பிலேயே உளர். இவ்வூர் மொழி அறிந்த ஒருவர் உடன் சென்றால் அத்துயர் பாதி நீங்கும். கேட்க வேண்டியவை மூன்றே: கட்டி எவ்விடத்தில் உள்ளது? இரத்தத்தின் அளவு எவ்வளவு? அறுவைக்கு முன் வேறு வழி உண்டா? துணை வேண்டுவோர் நம் மாதர் பகுதியினரிடம் தயங்காது கூறுக. உடன் வர நாங்கள் இருக்கின்றோம்.